இறங்குங்க என்பதில் ஓர் எழுத்து

ஒக்டோபர் 14, செவ்வாய்

நேற்றைய பக்கத்தில் "வயர் நனைந்ததால் பெட்டி பேசவில்லை" என்று எழுதியிருக்கிறேன். அது தவறு. மழை பெய்தது தெரியும், பெட்டி பேசாதது தெரியும். வயர் நனைந்ததை யாரும் பார்க்கவில்லை. நடுவில் உள்ள அந்த "ஆல்" நானாகப் போட்டது. வரியை அழிக்காமல் ஒரு கோடு மட்டும் போட்டிருக்கிறேன். பார்த்ததையும் நினைத்ததையும் கலந்து எழுதும் பழக்கம் எனக்கு உண்டு என்பது ஞாபகம் இருக்கட்டும்.

இன்று எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுதிவைக்கிறேன். அப்படியாவது பிழை எங்கே என்று தெரியலாம்.

பகலில் யட்டியாந்தோட்டை டவுனில் போட்டோகொப்பி கடையில் வேலை செய்கிறேன். ஐந்தரைக்கு மஷூர் சேரின் எலக்ட்ரோனிக்ஸ் வகுப்பு. மூன்று மூன்று பேராகச் சேர்ந்து வருடக் கடைசிக்குள் ஒரு கருவி செய்து காட்ட வேண்டும். எங்கள் குழுவில் ஸ்டெபானி என்ற நான், பைக் கராஜில் வேலை செய்யும் தனுஷன், எங்கள் தோட்டத்து மேல்பிரிவில் பால்வெட்டும் புஷ்பம் அக்கா. விடிவதற்கு முன்னே ரப்பர் மரத்துக்குப் போகிறவர் மாலையில் வகுப்பில் தூங்கி விழுவார் என்று நாங்கள் நினைத்தோம். முதல் மாதம் தூங்கி விழுந்தது நான்தான்.

என்ன செய்வது என்று முடிவு செய்தவரும் அவர்தான். அவர் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் உள்ள மேட்டில் போன வருடம் ஒரு வெடிப்பு கண்டது. மழை கூடினால் வீட்டில் இருக்காமல் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட வேண்டும் என்று வெடிப்பை அளந்து பார்க்க வந்தவர்கள் சொல்லிவிட்டுப் போனார்கள். எவ்வளவு மழை கூடுதல் என்று வீட்டுக்குள் இருந்தபடி யாருக்குத் தெரியும்? அதற்குத்தான் எங்கள் கருவி. மேட்டில் மழைமானியும் ஒரு மைக்ரோகொன்ட்ரோலர் போர்டும். லயத்துச் சுவரில் இன்னொரு போர்டும் ஒலிபெருக்கியும் உள்ள பெட்டி. இரண்டுக்கும் நடுவில் நீள வயர். மேல் போர்டு மழை பெய்யும்போது நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு வாசகத்தை அனுப்பும். முதல் கட்டத்துக்கு "மழை குறைவு". இரண்டாம் கட்டத்துக்கு "மழை கூடுது கவனம்". மூன்றாம் கட்டத்துக்கு "வீட்டை விட்டு இறங்குங்க". கீழ் போர்டு வந்த வாசகத்தைத் தன்னிடம் உள்ளதோடு பொருத்திப் பார்க்கும். எழுத்துக்கு எழுத்து சரியாக இருந்தால்தான் அந்தக் கட்டத்துக்குரிய குரலை ஒலிக்கும். குரல் புஷ்பம் அக்காவுடையது, முதலில் தமிழில், பிறகு சிங்களத்தில்.

போன ஞாயிறு பின்னேரம் தீபாவளித் துணி எடுக்க அக்கா ருவான்வெல்லைக்குப் போயிருந்தார். வீட்டில் மகள் ஷாமிளா மட்டும், பதினொரு வயது. "பெட்டி சொன்னா இறங்கிடு, சொல்லலைன்னா பயப்படாம உள்ளேயே இரு" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். மழை கொட்டியது. பெட்டி முதல் கட்டத்தைச் சொன்னது, இரண்டாம் கட்டத்தைச் சொன்னது, பிறகு ஒன்றும் சொல்லவில்லை. மானியின் பதிவை நான் மறுநாள் எடுத்துப் பார்த்தேன். மூன்றாம் கட்டம் கடந்து நாற்பது நிமிடம் மழை நிற்கவில்லை. அந்த நாற்பது நிமிடமும் ஷாமிளா அம்மா சொன்னபடி உள்ளேயே உட்கார்ந்திருந்தாள். மேடு சரியவில்லை. ஆனால் குசினிப் பின்கதவின் படிவரை சேறு வந்து நின்றது.

லயத்துத் தலைவர் நாகலிங்கம் ஐயா சேற்றைப் பார்த்துவிட்டு அக்காவிடம் சொன்னாராம்: "பெட்டி இல்லாட்டி புள்ள தானா ஓடியிருக்கும். உங்க பெட்டிதான் அத உள்ள உக்கார வச்சது. சனிக்கிழமை வரைக்கும் பாக்குறேன். அப்பவும் ஊமையா இருந்தா நானே கழட்டி எறிஞ்சிடுவேன்."

அவர் சொன்னதில் பிழை இல்லை. அக்காவும் அப்படித்தான் சொன்னார்.

இன்று வகுப்பில் தனுஷன் வயரின் மூட்டுகளில் சுற்றுவதற்குக் கறுப்பு டேப் கொண்டுவந்திருந்தான். அக்கா அதை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டார்.

"ஏன்க்கா?"

"நனைஞ்சத யாரு பாத்தா?"

நான் என் குறிப்புக் கொப்பியை மூடினேன்.

ஒக்டோபர் 15, புதன்

அக்கா ஒரு வாளியும் ஒரு சிரட்டையும் கொண்டுவந்தார். வாளி வயரை ஊறப்போட. சிரட்டை, ரப்பர் பால் வடியக் கட்டுகிற அதே சிரட்டைதான், மழைமானியில் தண்ணீர் ஊற்ற. எத்தனை சிரட்டைக்கு எந்தக் கட்டம் வரும் என்று வீட்டிலேயே அளந்து வந்திருந்தார்.

சுவரிலிருந்து பெட்டியையும் மேட்டிலிருந்து மானி, போர்டு, வயரையும் கழற்றி வகுப்புக்குக் கொண்டுவந்து மேசையில் வைத்தோம். மூட்டுகளோடு வயரை வாளித் தண்ணீரில் முழுக்க அமுக்கினோம். முதல் கட்டம், பேசியது. இரண்டாம் கட்டம், பேசியது. மூன்றாம் கட்டம், பேசவில்லை.

"பாத்தீங்களா, தண்ணிதான்," என்றான் தனுஷன்.

"தண்ணின்னா மொத ரெண்டும் எப்படி பேசுச்சு? அந்த ரெண்டுக்கும் குடை புடிச்சியா?"

நான் வேகத்தைச் சந்தேகப்பட்டேன். இரண்டு போர்டும் ஒரே வேகத்தில் பேச வேண்டும், இல்லாவிட்டால் குப்பைதான் வரும். பார்த்தேன், இரண்டிலும் 9600. தரைக் கம்பி இரண்டையும் சேர்க்கிறதா என்று பார்த்தேன். சேர்க்கிறது. ஒரு போர்டின் அனுப்பும் கால் மற்றதன் வாங்கும் காலோடு இணைந்திருக்கிறதா என்று மூன்று தடவை பார்த்தேன். மூன்றாவது தடவை பார்த்தது எனக்கே வெட்கமாக இருந்தது. வயர் மாறியிருந்தால் முதல் கட்டமே வந்திருக்காதே.

தனுஷன் பொறுமை இழந்து, கீழ் போர்டையும் வயரையும் ஒரே நேரத்தில் மாற்றப் போனான். அக்கா அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒண்ணு மாத்து. ரெண்டையும் மாத்துனா, சரியாப் போனாலும் எது சரியாக்குச்சுன்னு தெரியாது."

"சரியாப் போனா போதும்க்கா. கராஜ்ல நாங்க அப்படித்தான்."

"அதனாலதான் உங்க கராஜ்ல செஞ்ச பைக்கு மறுநாளும் வந்து நிக்குது."

பிறகு அவர் செய்ததை நான் நினைத்தே பார்த்திருக்க மாட்டேன். நனைந்த வயரைக் கழற்றிவிட்டு, சேரிடம் முழம் அளவு புது வயர் வாங்கி, காய்ந்த மேசையில் இரண்டு போர்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். தூரமும் இல்லை, தண்ணீரும் இல்லை. எல்லாம் நன்றாக இருக்கும் இடத்தில் அதைக் கெடுத்துப் பார்க்கப் போகிறார் என்று எனக்குப் பிறகுதான் விளங்கியது. மானியில் மட்டும் சிரட்டை சிரட்டையாக ஊற்றினார். முதல் கட்டம் பேசியது. இரண்டாம் கட்டம் பேசியது. மூன்றாம் கட்டத்தில் ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், சத்தமே இல்லை.

"கெட்டுச்சு!" என்று அக்கா கைதட்டினார். "நல்லா கெட்டுச்சு!"

பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தனக்குப் பிடிக்காத ஒன்று நடந்ததற்கு ஒருவர் இவ்வளவு சந்தோஷப்பட்டு நான் கண்டதில்லை. நானாக இருந்தால் அழுதிருப்பேன். பஸ்ஸில் வரும்போது ஏன் என்று கேட்டேன்.

"மழையில கெட்டா மழைக்குக் காத்துக்கிட்டு இருக்கணும் தங்கச்சி. மேசையில கெட்டா நம்ம கையில இருக்கு. வேணுங்கிறப்ப கெடுத்துப் பாக்கலாம்ல."

வயர் காய்ந்திருந்தாலும் மூன்றாம் கட்டத்தில் கெடுகிறது. இன்று பார்த்தது இவ்வளவுதான். வேறு ஒன்றும் எழுதமாட்டேன்.

ஒக்டோபர் 16, வியாழன்

பிழை என்னுடையது.

கீழ் போர்டுக்கு வந்துசேருவதை அப்படியே லெப்டொப்பில் காட்டும்படி இன்று நான்கு வரி எழுதினேன். அக்கா சிரட்டையால் ஊற்றினார். திரையில் "மழை குறைவு" ஒழுங்காக வந்தது. "மழை கூடுது கவனம்" ஒழுங்காக வந்தது. பிறகு இது வந்தது: "வீட்டை விட்டு இறங்குங்". அதற்குப் பின்னால் கறுப்புக் கட்டத்துக்குள் ஒரு கேள்விக்குறி.

மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். அக்காதான் முதலில் சிரித்தார்.

"மரியாதையைக் காணோமே!"

கடைசி "க" இல்லை. "இறங்குங்" என்பது கீழ் போர்டிடம் உள்ள எதோடும் பொருந்தாது. அதனால் அது சொன்னபடி சும்மா இருந்திருக்கிறது.

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. இரண்டு வாரத்துக்கு முன் அந்த வாசகம் "வீட்டை விட்டு இறங்கு" என்றுதான் இருந்தது. அப்போது மூன்று கட்டமும் வேலை செய்தது. பெட்டியை மாட்டும் நாள் காலையில் அக்கா அதை வாசித்துவிட்டு, "லயத்துல வயசானவங்க எல்லாம் இருக்காங்க, இறங்குன்னா சொல்றது? இறங்குங்கன்னு போடு" என்றார். போட்டேன். கொப்பியில் எழுதவில்லை. மறுபடி மூன்றாம் கட்டத்தைச் சோதிக்கவும் இல்லை. இரண்டு எழுத்துதானே என்று நினைத்தேன்.

சொல்லாமல் இருந்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. சொல்லிவிட்டேன். ஷாமிளா உட்கார்ந்திருந்த நாற்பது நிமிடம் என்னால்தான் என்றும் சொன்னேன்.

அக்கா என்னைப் பார்க்கவில்லை, திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "போடச் சொன்னது நான், போட்டது நீ. அத அப்புறம் பிரிச்சுக்குவோம். ரெண்டு எழுத்துக்கு இது ஏன் செத்துப்போச்சு? அத சொல்லு."

வெள்ளைப் பலகையில் எழுதிக் காட்டினேன். என் கணக்கு சரியாகத்தான் இருந்தது. கீழ் போர்டு பேட்டரியை மிச்சப்படுத்தப் பத்து விநாடிக்கு ஒருமுறைதான் எட்டிப் பார்க்கும். அதுவரை வருவதெல்லாம் ஒரு சின்ன இடத்தில் காத்திருக்கும். அதில் அறுபத்து நான்கு இடம், ஒன்று எப்போதும் காலியாக இருக்க வேண்டும், ஆக அறுபத்து மூன்று. "வீட்டை விட்டு இறங்குங்க" என்பதை எழுத்தெண்ணிப் பார்த்திருந்தேன். இடைவெளியோடு பதினான்கு. அறுபத்து மூன்றில் பதினான்கு எங்கே, நிரம்புவது எங்கே?

மஷூர் சேர் அந்தப் பக்கம் வந்தார். என் பதினான்கைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சரி, இது நீங்க எண்ணுனது. போர்டு எண்ணுனதா இது? 'வீ' உங்களுக்கு ஒரு எழுத்து. போர்டுக்கு வ வேற, அதுக்கு மேல உள்ள சுழி வேற. புள்ளியும் வேற. ஒவ்வொண்ணுக்கும் மூணு இடம்." சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

அக்கா வெள்ளைப் பலகையில் எண்ணினார். வ, சுழி, ட, புள்ளி, ட, ஐகாரக் கொம்பு. ஆறு. மும்மூன்றாகப் பதினெட்டு. "விட்டு" பதினெட்டு. "இறங்குங்க" இருபத்தேழு. இடைவெளி இரண்டு. அறுபத்தைந்து. முடிந்துவிட்டது என்று சொல்லும் குறி ஒன்று. அறுபத்தாறு.

இடமோ அறுபத்து மூன்று. கடைசி மூன்று விழுந்துவிட்டது. முடிவுக் குறியும், "க"வின் மூன்றில் இரண்டும். மிஞ்சிய ஒன்றுதான் அந்தக் கேள்விக்குறி. பழைய "இறங்கு"வை எண்ணினோம். ஐம்பத்தேழு. தாராளமாக இடம் இருந்திருக்கிறது.

"ஆக, மரியாதை கொடுத்ததுதான் பிழை," என்றான் தனுஷன். "இங்கிலீஷ்ல 'கோ'ன்னு போட்டிருந்தா ரெண்டே ரெண்டு இடம். ஸ்டெபானிக்குத்தான் தமிழ்ல எழுதணும்."

அது குத்தியது. தமிழில் எழுதியது எனக்கு உள்ளுக்குள் பெருமையாக இருந்தது உண்மை. சேர் கொடுத்த மாதிரிகள் எல்லாம் ஆங்கிலம். நான் மட்டும் வேறு மாதிரி செய்தேன் என்று வீட்டில்கூடச் சொன்னேன். அதே பெருமைதான் போர்டு எண்ணுவதைப் போல எண்ணவிடாமல் செய்தது.

"சரி, பழையபடி இறங்குன்னே போட்டுடுறேன்," என்றேன்.

"வேணாம்," என்றார் அக்கா. "நாளைக்கு வேற ஒரு சொல்லு கூடும். அப்பவும் எண்ணிக்கிட்டு நிக்கணும்." பேனாவின் மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டே இருந்தார். பிறகு கேட்டார்: "காலையில பிரட்டுல என்னை என்னன்னு கூப்பிடுறாங்க, தெரியுமா?"

பிரட்டு என்பது வேலைக்குப் போகுமுன் ஆள் எடுக்கும் இடம். எனக்குத் தெரியும், எங்கள் அப்பாவும் போகிறவர்தான்.

"நம்பர் சொல்லி."

"நூத்திப் பதினேழு. அவ்வளவுதான். புஷ்பம், இன்னாரு பொண்டாட்டி, இன்ன லயம்னு நீட்டி முழக்குனா பொழுது விடிஞ்சிடும். பேரு, ஊரு எல்லாம் செக்ரோல் பொஸ்தகத்துல இருக்கு. வாயில வர்றது நம்பர் மட்டுந்தான். இந்த வயர்ல எதுக்கு முழு வாசகம் போகணும்? மூணுன்னு மட்டும் போகட்டும். மூணுன்னா என்னன்னு கீழ உள்ள பெட்டிக்குத் தெரிஞ்சா போதும். மரியாதை எல்லாம் அங்க இருக்கட்டும், எவ்வளவு வேணும்னாலும்."

தனுஷன் அறுபத்தாறைப் பலகையிலிருந்து அழித்தான்.

நான் கொப்பியில் எழுதிக்கொண்டேன்: ஒரு இலக்கம், ஒரு முடிவுக் குறி, மொத்தம் இரண்டு இடம். புத்தகங்களில் இதற்கு ஒரு பெயர் இருக்கும். ஆனால் அக்கா புத்தகத்திலிருந்து எடுக்கவில்லை. பத்து வருடமாகத் தினமும் காலையில் தன் காதில் விழுவதை எடுத்து மேசையில் வைத்தார். அதே பிரட்டைப் பற்றிச் சின்ன வயதிலிருந்து வீட்டில் கேட்டு வளர்ந்த எனக்கு அது தோன்றவே இல்லை.

ஒக்டோபர் 17, வெள்ளி

இன்று வகுப்பு இல்லை. கடை மூடியபின் சேர் அறையைத் திறந்துவிட்டார். இலக்கம் மட்டும் போகும்படி மாற்றி எழுதி, நூறு தடவை அனுப்பினோம். ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு போட்டேன். தொண்ணூற்றொன்பது சரி. தவறிய ஒன்று, தனுஷன் காலால் பிளக்கைத் தட்டியது. அவன் அதைச் சேர்க்க வேண்டாம் என்றான். சேர்த்துத்தான் எழுதியிருக்கிறேன்.

ஒக்டோபர் 18, சனி

காலையில் மேட்டில் மானியையும் சுவரில் பெட்டியையும் மறுபடி மாட்டினோம். பத்து மணிக்கு லயத்தில் பாதிப் பேர் வாசலுக்கு வந்துவிட்டார்கள். நாகலிங்கம் ஐயா கையில் மடக்கிய குடையோடு பெட்டிக்கு நேரே நின்றார். வெயில் அடித்தது.

அக்கா வாளியும் சிரட்டையுமாக மேட்டுக்கு ஏறினார். நான் மேலே போகிறேன், நீங்கள் கீழே மகளோடு இருங்கள் என்று சொன்னேன். ஒத்துக்கொள்ளவில்லை. "நான் இங்க நின்னா என் மூஞ்சியப் பாத்துக்கிட்டு வெளிய வந்துடுவா. நான் இல்லாதப்ப வர்றாளான்னுதான் பாக்கணும்." ஷாமிளாவிடம் ஒன்றும் சொல்லாமல் உள்ளே பாடம் எழுதச் சொல்லிவிட்டுப் போனார்.

பெட்டி முதல் கட்டத்தைச் சொன்னது. இரண்டாம் கட்டத்தைச் சொன்னது.

"இதெல்லாம் அன்னைக்கும் சொல்லுச்சு," என்றார் நாகலிங்கம் ஐயா.

பிறகு எவ்வளவு நேரம் போனது என்று நான் மணிக்கூட்டைப் பார்க்கவில்லை. பார்த்திருக்க வேண்டும். கொப்பியை மடியில் வைத்துக்கொண்டேன். பெட்டிக்குள் ஒரு சின்னச் சொடுக்குச் சத்தம் கேட்டது.

"வீட்டை விட்டு இறங்குங்க," என்றது அக்காவின் குரல், லயம் முழுக்கக் கேட்கும்படி. பிறகு சிங்களத்தில், "கெதரின் எளியட்ட யன்ன."

யாரும் அசையவில்லை. சோதனை என்று எல்லோருக்கும் தெரியும். நான்காவது வீட்டுக் கதவு மட்டும் திறந்தது. ஷாமிளா வெளியே வந்தாள். தோளில் கதவோரம் மாட்டியிருந்த பிறப்புச் சான்றிதழ்ப் பை, கையில் செருப்பு. பெட்டியைத் திரும்பிப் பார்த்து, "இந்தா வர்றேம்மா!" என்று சத்தம் போட்டுவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துப் பாதையில் இறங்கி நடக்கத் தொடங்கினாள்.

வாசலில் இருந்தவர்கள் சிரித்தார்கள். "பெட்டிக்கிட்ட பதில் பேசுதுடி" என்று யாரோ சொன்னார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளைத் திருப்பிக் கூப்பிட தனுஷன் ஓடினான்.

அக்கா முழங்கைவரை நனைந்து இறங்கி வந்தார். மகள் பாதிப் பாதைவரை போய்விட்டாள் என்று சொன்னேன். தலையை ஆட்டினார். சிரட்டையைக் கவிழ்த்துச் சுவரோரம் வைத்தார். அதை வைக்க அவருக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

நாகலிங்கம் ஐயா குடை முனையால் மேட்டைக் காட்டினார். "பேசுது. ஒத்துக்கிறேன். ஆனா ஒரு சந்தேகம் புஷ்பம். மேடு சரியிறப்ப மொதல்ல அறுந்து போறது இந்த வயராத்தான் இருக்கும். அறுந்தா இது என்ன செய்யும்?"

நான் எழுதிய வரிகளை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். மேலிருந்து எண் வராவிட்டால் கீழ் போர்டு காத்துக்கொண்டே இருக்கும். சும்மா இருக்கும். மழை இல்லாத நாளில் இருப்பதைப் போலவே.

"சும்மா இருக்கும் தலைவரே," என்றார் அக்கா.

"அப்ப அன்னைக்கு மாதிரித்தானே?"

"அன்னைக்கு மாதிரித்தான்."

இதை அக்கா சொன்ன விதத்தை எழுதிவைக்க வேண்டும். சமாளிக்கவில்லை, நூறு தடவை சோதித்தோம் என்று சொல்லவில்லை. ஐந்து நாள் பாடுபட்டதை இன்னொருவர் ஒரு கேள்வியில் குறைத்துவிட்டார். அக்கா அந்தக் கேள்வியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். "நிமிசத்துக்கு ஒரு நம்பர் வரணும்," என்றார் என்னிடம். "மூணு நிமிசம் வரலைன்னா, அதையும் இது வாய விட்டுச் சொல்லணும். மழை பெய்யுதோ பெய்யலையோ."

"என்னன்னு சொல்றது?"

"எனக்கு ஒண்ணும் கேக்கல, என்னை நம்பாம இறங்குங்கன்னு."

நாகலிங்கம் ஐயா குடையை அக்குளில் வைத்துக்கொண்டார். "கழட்டல. இருக்கட்டும். ஆனா அத சொல்ல வைக்கிற வரைக்கும் பெட்டியை நம்பி உள்ள இருன்னு புள்ளைகிட்ட சொல்லாத."

"சொல்லமாட்டேன்," என்றார் அக்கா. ஷாமிளா திரும்பி வந்ததும் அவள் முன்னாலேயே அதைச் சொன்னார்: மழை கொட்டினால் பெட்டி பேசினாலும் பேசாவிட்டாலும் இறங்கிவிட வேண்டும், அம்மா மறுபடி சொல்லும்வரை.

நாளை, ஞாயிறு. பூசை முடிந்து பத்து மணிக்கு அக்கா வீட்டில். கீழ் போர்டுக்கு மூன்று நிமிடக் கணக்கை எழுத வேண்டும். புதிய வாசகத்தை அக்கா இரண்டு மொழியிலும் பேசுவார், பதிவு செய்ய வேண்டும். பிறகு மேட்டுக்குப் போய் வயரைக் கழற்றிவிட்டு, பெட்டி பேசுகிறதா என்று பார்க்க வேண்டும்.